பதினான்காம் எண் தொகுப்பில் ஒரு தாள் இல்லை

டெல்லிக்கு அரசியல் அறிவியல் ஆனர்ஸ் படிக்க வருகிறவர்களுக்குக் கல்லூரிகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் விவாத மன்றம் நன்றாக இருக்கும், எந்த விடுதியில் சப்பாத்தி வேகாமல் வரும் என்பதெல்லாம் கேட்காமலே கிடைத்துவிடும். நான் எழுத வந்தது ஒரு ஜெராக்ஸ் கடையைப் பற்றி. மூன்று ஆண்டுகள் நான் உண்மையில் படித்தது அங்கே வாங்கிய காகிதத்தைத்தான். அதனால் பட்டத்துக்கு மதிப்புரை எழுதுவதும் அந்தக் கடைக்கு மதிப்புரை எழுதுவதும் எனக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

கடை இருப்பது வடக்கு வளாகத்தில், பட்டேல் செஸ்ட் பக்கத்துச் சந்தில். விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தில் இறங்கி இ-ரிக்‌ஷாவில் ஏறி "பட்டேல் செஸ்ட்" என்றால் போதும். பெயர் என்னவோ நெஞ்சு நோய் ஆராய்ச்சி நிலையத்தினுடையது. மாணவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது டோனர் வாடைதான். ஜெராக்ஸ், தட்டச்சு, ஆய்வேட்டுக்குத் தங்க எழுத்தில் அட்டை, பழைய வினாத்தாள் எல்லாம் அங்கே கிடைக்கும். நான் போகும் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், ஆகவே அதுதான் மரியாதை. மேலும் பெயர்ப்பலகையை நீலத் தார்ப்பாய் பாதி மூடியிருப்பதால் அவர் கடையின் முழுப் பெயர் அவருடைய வாடிக்கையாளர்களுக்கே தெரியாது.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். இந்தப் படிப்பில் "பாடப்புத்தகம்" என்று ஒன்று கிடையாது. மதுரையில் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், அதன் பின்பக்கத்து வினாக்கள் என்று வளர்ந்தவள் நான். இங்கே முதல் வாரம் ஆசிரியர் நான்கு பக்கப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். இந்த நூலில் மூன்றாம் இயல், அந்தத் தொகுப்பில் ஒரு கட்டுரை, இன்னொன்றில் முன்னுரை மட்டும். இதற்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ரீடிங்ஸ். நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒன்றோ இரண்டோ பிரதி. வகுப்பில் அறுபது பேர். கடையில் வாங்கலாம் என்றால் ஒரு பாடத்துக்குரிய நூல்களின் விலையைக் கூட்டிப் பார்த்து நானே பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவரிடம் ஒரு புத்தகம் நாலாயிரம் ரூபாய் என்று சொன்னால், "அதில் எத்தனை மூட்டை?" என்று கேட்பார்.

இந்த இடத்தில்தான் கடைக்காரர் வருகிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மூக்கின் நுனியில் கண்ணாடி. டெல்லி வழக்கப்படி எல்லாரும் அவரைப் பையா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அலமாரி. ஒவ்வொரு பாடத்துக்கும் ரீடிங்ஸ் எல்லாவற்றையும் சேர்த்த ஒரு தொகுப்பு; அதன் மூலப் பிரதியின் முதுகில் மார்க்கர் பேனாவால் எண். நீங்கள் எண்ணைச் சொன்னால் மறுநாள் மாலை ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். பக்கத்துக்கு ஒரு ரூபாய், பைண்டிங்குக்கு நாற்பது. நான் கடைசியாக வாங்கிய தொகுப்பு 212 பக்கம். 250 ரூபாய் கொடுத்தேன், இரண்டு ரூபாயை அவரே விட்டுவிட்டார்.

எண்ணைச் சொல்வதில்தான் எனக்குத் தொல்லை. நான் 2022-இல் சேர்ந்தவள். பொது நுழைவுத் தேர்வின் முதல் ஆண்டு. எல்லாம் தள்ளித் தள்ளிப் போய் நவம்பரில்தான் வகுப்பு தொடங்கியது. பனியும் புகையும் கலந்த அந்த நவம்பரில் என்னிடம் இருந்த இந்தி மொத்தம் பதினைந்து சொற்கள். இந்தியில் எண்கள் நம் எண்களைப் போல வரிசையாகப் பிறக்காது. நூறு வரை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெற்று வளர்த்த பிள்ளை. சௌபீஸ் என்றால் இருபத்து நான்கு, சௌந்தீஸ் என்றால் முப்பத்து நான்கு. நான் எதைச் சொன்னேன், அவர் எதைக் கேட்டார் என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. மறுநாள் கைக்கு வந்தது இந்தி வழி மாணவர்களுக்கான தொகுப்பு, முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை தேவநாகரி. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை என் வகுப்பில் பிகாரிலிருந்து வந்த ஒரு தோழியிடம் பாதி விலைக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து எண்ணைக் காகிதத்தில் எழுதி நீட்டுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யலாம்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று சித்தப்பா கேட்டார். அவர் மத்திய அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. எதையும் விதி எண்ணோடு கேட்பவர். அவருக்காகத் தேடிப் படித்ததில் எனக்கே ஒரு நல்ல அரசியல் பாடம் கிடைத்தது. இதே வளாகத்தில், டெல்லி பொருளாதாரப் பள்ளிக்குள் இருந்த ராமேஸ்வரி என்னும் ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. இந்தத் தொகுப்புகள்தான் குற்றப்பொருள். மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கம் அமைத்து வழக்கில் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்பகங்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கற்பித்தலுக்காகப் படியெடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. ஒரு மாணவர் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வதை இயந்திரம் செய்தால் அது குற்றமாகிவிடாது என்பது வாதத்தின் சாரம். அந்த டிசம்பரில் மேல்முறையீட்டைக் கேட்ட அமர்வு, சில கேள்விகளை விசாரணைக்குத் திருப்பி அனுப்பினாலும், பாடத்துக்குத் தேவையான அளவுக்குப் படியெடுக்கலாம் என்ற அடிப்படையை அசைக்கவில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

பையாவிடம் இதைப் பற்றிக் கேட்டால் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசுவார். "அந்த நான்கு வருடம் தொகுப்பு என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்போம்" என்றார். ஆனால் தீர்ப்பை அவர் சற்றுத் தாராளமாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். பாடத்துக்குரிய இயல்களைப் படியெடுப்பது வேறு. அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டை முதல் அட்டை வரை முழுப் புத்தகமாக அடுக்கி வைத்திருக்கிறாரே, அது வேறு. சித்தப்பாவிடம் கீழ்த்தட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மூலப் பிரதிகளில் சில மிகப் பழையவை. எந்தக் காலத்து ஆசிரியர் எந்தப் பாடத்திட்டத்துக்காகக் கொடுத்தாரோ, பாடம் மாறிய பிறகும் பையா எதையும் தூக்கி எறிவதில்லை. ஒரு மாலை என் தொகுப்பு தயாராகும் வரை அந்தப் பழைய அடுக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மங்கிய ஒரு பிரதியில் "மதுரை" என்ற சொல் கண்ணில் பட்டது. மைரன் வீனர் என்ற அமெரிக்க அறிஞர் காங்கிரஸ் கட்சியைப் பற்றி எழுதிய நூல். ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டு கட்சி உள்ளூரில் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தவர், அதில் ஒன்று மதுரை. நின்றபடியே பத்துப் பக்கம் படித்தேன். எங்கள் ஊரின் பெயரை ஆராய்ச்சிக்குரிய ஓர் இடமாக அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதில் எனக்குப் பிடித்த வேடிக்கை அந்த நூல் வெளியான ஆண்டு. கட்சி எப்படித் தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது என்று விளக்கும் நூல் வந்தது 1967-இல். அதே ஆண்டு மார்ச்சில் அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றுவிட்டார்.

ரஜினி கோத்தாரியின் "காங்கிரஸ் அமைப்பு" கட்டுரையை (1964) வகுப்பில் நடத்தியபோது இதைச் சொன்னேன். ஒரே பெரிய கட்சிக்குள்ளேயே ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அடங்கியிருந்ததாக அவர் வரைந்த படம் மூன்றே ஆண்டுகளில் எங்கள் ஊரில் கிழிந்தது என்றேன். ஆசிரியர் என்னைப் பார்த்து, "கிழிந்ததா, இல்லை வேறு கட்சி அதே படத்துக்குள் போய் உட்கார்ந்ததா?" என்று கேட்டார். விடையளிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது, ஒரு கட்டுரையும் பிடித்தது. அந்த மதுரை இயலை பையா என்னிடம் பாதி விலைக்குக் கொடுத்தார். "இருபது வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீ" என்றார்.

இனி, தலைப்பில் சொன்ன குறைக்கு வருகிறேன்.

பதினான்காம் எண் இந்திய அரசியல் சிந்தனைக்கான தொகுப்பு. அதில் அர்த்தசாஸ்திரம் எழுதிய கௌடில்யரைப் பற்றிய ஒரு கட்டுரை. அரசு என்பது ஏழு உறுப்புகளால் ஆனது என்ற சப்தாங்கக் கோட்பாட்டை உறுப்புக்கு ஒரு பத்தியாக விளக்கிக்கொண்டு போகிறது. அரசன், அமைச்சர், நாடும் மக்களும், கோட்டை, கருவூலம். ஐந்தாவதை முடித்துத் தாளைத் திருப்பினால் கட்டுரை சம்பந்தமே இல்லாமல் ஒற்றர்களைப் பற்றிப் பேசுகிறது. நடுவில் ஒரு தாள் இல்லை. அதாவது நூலின் இரண்டு பக்கங்கள். இது தெரிந்தது இரவு ஒன்பது மணிக்கு. மறுநாள் காலை அந்தப் பகுதியை வகுப்பில் விளக்கிப் பேச வேண்டியவள் நான்.

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் சித்தி வீட்டின் சமையலறை வாசலில் உட்கார்ந்து, "ஐந்துதான் இருக்கிறது, மீதி இரண்டைக் காணவில்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். சித்தி தோசையைத் திருப்பிக்கொண்டே என்ன ஐந்து என்று கேட்டார். சொன்னேன். நான் கைப்பேசியை எடுத்துத் தேடுவதற்குள் அவர் சொல்லிவிட்டார்: "இதற்கா முழிக்கிறாய்? படைகுடி கூழமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு. நீ சொன்னதை அடித்துக்கொண்டே வா."

அடித்தேன். குடி, நாடும் மக்களும். கூழ், கருவூலம். அமைச்சு, அமைச்சர். அரண், கோட்டை. உடையான், அரசன். மிச்சம் நின்றவை படையும் நட்பும். பிறகு சரிபார்த்தேன், கௌடில்யரின் ஆறாவதும் ஏழாவதும் தண்டமும் மித்திரமும்தான். பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த குறள் அது. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில்தான் எனக்கு அது ஒரு பட்டியல் என்றே புரிந்தது. சித்தி இங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்தவர், அரசியல் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்.

மறுநாள் வகுப்பில் ஏழையும் விளக்கி, குறளையும் பக்கத்தில் வைத்தேன். ஆசிரியர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு இரண்டு கேள்விகள் போட்டார். ஒன்று: கௌடில்யர் அரசனையும் ஏழில் ஓர் உறுப்பாக எண்ணுகிறார், உன் குறளில் அரசன் ஆறுக்கும் வெளியே நின்று உடையவனாக இருக்கிறான், இது வெறும் கணக்கு வேறுபாடா? இரண்டு: அந்தப் பட்டியலில் தண்டம் என்றால் படைதான், ஆனால் அதே சொல் தண்டனை அதிகாரத்தையும் குறிக்குமே, அது உன் நூலில் எங்கே? முதல் கேள்விக்கு நான் திணறினேன். இரண்டாவதற்குச் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று இரண்டு அதிகாரங்கள் தனியாகவே இருக்கின்றன என்று சொன்னேன்; சொல்லும்போதே அது முழு விடையில்லை என்றும் தெரிந்தது. கோல் வேறு, படை வேறு என்று பிரித்து வைப்பதற்கும் ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு வைப்பதற்கும் இடையே ஏதோ ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அது என்ன என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பு முடியும்போது ஆசிரியர் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "தொகுப்பில் அந்தப் பக்கம் இல்லைதானே?" யாரும் பேசவில்லை. "போன வருடமும் முந்தின வருடமும் தேர்வில் ஐந்து உறுப்புகளை எழுதிவிட்டு நேராக ஒற்றர்களுக்குத் தாவினார்கள். விடைத்தாளைப் பார்த்தே எந்தக் கடை என்று சொல்லிவிடுவேன்" என்றார். அறுபது பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒரு சுவரின் ஒரு தட்டில் ஒரு தாள் விழுந்துபோனால் வகுப்பு வகுப்பாக, வருடா வருடம், கௌடில்யருக்குப் படையும் இல்லை நட்பும் இல்லை. அதை ஒருவரும் போய்ச் சொல்லவும் இல்லை.

நான் போய்ச் சொன்னேன். பையா மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தார், ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார், தேநீர் வாங்கிக் கொடுத்தார். இல்லாத பக்கத்தை அவரால் அப்போது கொடுக்க முடியவில்லை. நூலகத்தில் நான் எடுத்து வந்து கொடுத்தால் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தேன்.

அதே தொகுப்பில் எனக்கு வேறொரு வெகுமதியும் இருந்தது. அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடி 1905-இல் மைசூர் நூலகத்துக்கு வந்ததையும், அங்கே ஷாமசாஸ்திரி அதைப் படித்தறிந்து 1909-இல் அச்சிட்டதையும் ஓர் அடிக்குறிப்பு சொல்கிறது. சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் என்பதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சொந்த ஊர் கும்பகோணம். அன்று இரவு முழுக்க அந்தப் பண்டிதர் எங்கள் உறவினராக இருந்தார்.

அடிக்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: அவசரத்தில் எடுக்கும் பிரதிகளில் கீழ் ஓரம் வெட்டுப்படும், அடிக்குறிப்பின் கடைசி வரி போய்விடும். வாங்கியதும் அங்கேயே நின்று பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் போகவே போகாதீர்கள். டோனர் தீரும் நிலையில் ஓட்டுவார், நடுப்பக்கங்கள் சாம்பல் நிறத்தில் வரும். கிரான்வில் ஆஸ்டினின் அரசமைப்பு வரலாற்றை நான் அந்தச் சாம்பலில்தான் முதலில் படித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகிளா ஹாட்டில், தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019-இல் இடம் மாறிய அந்தப் பழைய புத்தகச் சந்தையில், அசல் நூலே 150 ரூபாய்க்குக் கிடைத்தது. ஜெராக்ஸுக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன்.

பட்டேல் செஸ்ட் சந்தில் குஞ்ஜி என்று ஒன்றும் விற்கிறார்கள். சாவி என்று பொருள், நம் ஊர் நோட்ஸ்தான். பத்து வினா, பத்து விடை, ஒவ்வொரு விடையிலும் ஏழு துணைத்தலைப்பு. வாங்காதீர்கள். முன்னாள் மாணவர்களின் கையெழுத்துக் குறிப்பும் வேண்டாம். நான் வாங்கிய ஒன்றில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு 1976 என்று இருந்தது. அது 1973. ஏழுக்கு ஆறு என்று நீதிபதிகள் பிரிந்த தீர்ப்பில் ஆண்டே தவறினால் மற்றதை என்னவென்று நம்புவது? பழைய வினாத்தாள் கட்டு மட்டும் நல்ல பொருள், எண்பது ரூபாய்.

இப்போது எல்லாரும் எல்லாவற்றையும் கைப்பேசியில் பிடிஎஃப் ஆக அனுப்பிக்கொள்கிறார்கள். என்னிடமும் இருக்கிறது. ஆனால் நான் படித்தது மெட்ரோவில். ஹவுஸ் காஸில் மாறி மஞ்சள் தடத்தில் ஏறினால் பெண்கள் பெட்டியில் பெரும்பாலும் ஓர் ஓரம் கிடைத்துவிடும். லோக் கல்யாண் மார்க், உத்யோக் பவன், சென்ட்ரல் செக்ரட்டேரியட், கடைசியில் விதான் சபா என்று பாடத்தின் பொருளடக்கம் மாதிரியே நிலையங்கள் வந்துகொண்டிருக்கும். மடியில் ஸ்பைரல் தொகுப்பு, கையில் பென்சில். திரையில் படித்தது எனக்கு நிலைய வாசலிலேயே மறந்துவிடுகிறது. இது என் பழக்கத்தின் குறையாகவும் இருக்கலாம்.

நான்காம் ஆண்டு விருப்பம் என்றார்கள். நான் மூன்றோடு இறங்கிவிட்டேன். கடைக்கு ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன். அரையைப் பிடித்தது அந்தத் தேவநாகரித் தொகுப்பைத் திருப்பி எடுக்காததற்காக; ஒன்றைப் பிடித்தது காணாமல்போன தாளுக்காக.

போன மாதம் சான்றிதழ் வாங்கப் போனபோது சந்துக்கும் போனேன். முதல் ஆண்டுப் பெண் ஒருத்தி, பேச்சில் திருநெல்வேலி, காகிதத்தில் 14 என்று எழுதி நீட்டிக்கொண்டிருந்தாள். பையா என்னைப் பார்த்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உன் பக்கம் சேர்த்தாயிற்று" என்று பெருமையாக மூலப் பிரதியை விரித்துக் காட்டினார். இருந்தது. தண்டமும் இருந்தது, மித்திரமும் இருந்தது. தாள்தான் தலைகீழாக இருந்தது.